விரல் நெட்டியும் வீண் பழியும்

திருமணத் திருப்பலி முடிந்து மணமக்கள் கோவில் வாசலில் வந்து நிற்கும்போது, நம் ஊர்ப் பாட்டியர் அவர்களுடைய கன்னங்களை இரு கைகளாலும் வழித்து, தம் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து அழுத்தி நெட்டி முறிப்பதை வாசகர்கள் பலமுறை கண்டிருப்பர். பத்து விரலும் படபடவென்று ஒலித்தால் அவர்களுக்குப் பரம திருப்தி. அதே பாட்டி, பேரன் பாடப் புத்தகத்தின்முன் அமர்ந்து விரலைச் சொடக்கெடுத்தால், பிற்காலத்தில் கை முடங்கிப்போகும் என்று அதட்டுகிறார். கண்ணேறு பற்றிய ஞானோபதேசத்தை வேறொரு மாதத்திற்கு ஒத்திவைத்து, முடங்கிப்போகும் என்னும் அச்சத்தை மட்டும் இங்கே பார்ப்போம்.

விரல் மூட்டு ஒவ்வொன்றும் ஓர் உறைக்குள் அமைந்துள்ளது. அதனுள் முட்டையின் வெண்கருவை ஒத்த வழவழப்பான நீர் சிறிதளவு உண்டு. அந்நீரில் கரியமில வாயு முதலியன கரைந்திருக்கின்றன. விரலை இழுக்கும்போது மூட்டின் இடைவெளி விரிந்து, அழுத்தம் குறைந்து, வாயு குமிழியாகிறது. ஒலி எழுவது குமிழி சிதையும்போது என்று 1971இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஆய்வாளர் கூறினர். தோன்றும்போதே என்று 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் படம் பிடித்துக் காட்டினர். அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எவ்வாறாயினும் அது எலும்போடு எலும்பு மோதும் ஓசை அன்று. முறித்த விரல் மீண்டும் ஒலிக்கச் சுமார் 20 நிமிடங்கள் ஆவதும் வாயு மறுபடி கரைய வேண்டியிருப்பதாலேயே.

கலிபோர்னியாவில் டொனால்டு அங்கர் என்றொரு மருத்துவர் இருந்தார். சிறுவயதில் அவர் தாயும் சிற்றன்னையரும் நம் பாட்டியரைப் போலவே அவரை எச்சரித்தனர். அவரோ ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இடக்கை விரல்களை நாள்தோறும் இரண்டு முறையேனும் நெட்டி முறித்து, வலக்கையை ஒப்பிடுவதற்காக விட்டுவைத்தார். இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998இல் மருத்துவ இதழொன்றில் எழுதினார். ஒருவருடைய கையை வைத்து உலகத்துக்கு முடிவு சொல்ல முடியாதுதான். ஆயினும் 2011இல் அமெரிக்காவில் 215 பேரை ஆராய்ந்தபோதும், நெட்டி முறிப்பவருக்கு மூட்டுத் தேய்வு மிகுதியாக இருக்கவில்லை. 1990இல் வந்த ஓர் ஆய்வு மட்டும் கை வீக்கமும் பிடிப்பின் தளர்ச்சியும் கண்டதாகக் கூறிற்று. மூட்டுவாதம் மிகுந்திருந்ததாக அதுவும் சொல்லவில்லை.

கழுத்தின் கதை வேறு. முடிதிருத்தும் நிலையத்தில் தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பச் சொல்லி இன்புறுவோர் நம்மில் பலர். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் கழுத்தின் வழியாகவே ஏறுகின்றன. திடீரென்று முறுக்கும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் நேரக்கூடும். அரிதே எனினும், 2024இல் கர்நாடகத்துப் பல்லாரியில் இளைஞர் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்ததைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. முடி வெட்டினால் போதும், கழுத்து வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

இதனினும் நம்மை வருத்துவது ஒன்றுண்டு. உத்திரமேரூர் வட்டாரத்தில் வீடு சந்திக்கச் செல்லும்போது, காலையில் விரல் மடக்க இயலாமல், கணுக்கள் வீங்கி, பால் கறக்கவும் நாற்றுப் பிடிக்கவும் தடுமாறும் பெண்களைக் காண்கிறோம். சிறுவயதில் ஓயாமல் நெட்டி முறித்ததன் பலன் என்று வீட்டார் சொல்ல, அவர்களும் தம் குற்றமே என்றெண்ணித் தைலம் தடவிக்கொண்டு ஆண்டுகளைக் கழிக்கின்றனர். பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் வினவியதையும், இருவருமல்லர் என்று ஆண்டவர் மறுத்ததையும் அருளப்பர் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். முடக்குவாதம் என்பது உடலின் காப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் நோய். ஆடவரைவிடப் பெண்டிரையே மிகுதியாகப் பற்றும். நெட்டிக்கும் அதற்கும் உறவில்லை. தொடக்கத்திலேயே மருந்து உண்டால் விரல்கள் கோணாமல் காக்கலாம். கோணியபின் நிமிர்த்துவது கடினம். காலை விறைப்பு அரைமணி நேரத்திற்கு மேல் நீடித்து, வீக்கமும் சில வாரங்களாகத் தணியாதிருந்தால், தைலப் புட்டியை வைத்துவிட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்க. துணைக்கு வீட்டார் ஒருவரும் உடன் செல்வாராக.