நடமாட்டக் கணக்கு தேவை, வேவு வேண்டாம்

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, வெளிமாநிலங்களில் பிழைக்கப் போனவர்கள் எத்தனை பேர், எந்தெந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்ற கணக்கு ஒன்றிய அரசிடம் இல்லை. குடும்பம் குடும்பமாக அவர்கள் நெடுஞ்சாலைகளில் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த ஓட்டை அம்பலமானது. அவர்களை ஊர் சேர்க்கும் ஷ்ரமிக் சிறப்பு ரயில்கள் மே 1-ஆம் தேதிதான் புறப்பட்டன. ஊர் திரும்பும் வழியில் இறந்தவர்கள் பற்றி செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோதும், தரவு இல்லை என்பதே பதில்.

மக்கள் நடமாட்டத்துக்கென ஒரு தேசியத் தரவுத்தொகுப்பு இனியும் தள்ளிப்போடக் கூடியதல்ல. ஆனால் அது புள்ளியியல் துறையின் பொறுப்பில், தனிச் சட்டத்தின் காவலில் உருவாக வேண்டும்.

இன்று இருப்பவை எல்லாம் துண்டு துணுக்குகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இடம்பெயர்ந்தோர் 45 கோடிக்கு மேல் என்றது. அதில் மிகப் பெரிய பிரிவு திருமணமாகிப் புகுந்த வீடு சென்ற பெண்கள். வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்றும் அதில் கேட்டார்கள். விவசாயிகளையும் விவசாயக் கூலிகளையும் கேட்கவில்லை. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, முன்பதிவில்லா ரயில் பயணிகளின் எண்ணிக்கையை வைத்து, மாநிலம் விட்டு மாநிலம் போவோர் ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் என்று மதிப்பிட வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டு நகரப் பேருந்தில் பெண்களுக்குத் தரப்படும் கட்டணமில்லாச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, ரேஷன் கடைக்குப் போய், அங்கிருந்து வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மூன்று சீட்டுகள் கிழிக்கப்படுகின்றன. மூன்றும் ஒருவரின் ஒரே அலைச்சல் என்பது கணக்கில் ஏறுவதில்லை. அலுவலக நேரத்தை மட்டும் பார்த்துப் பேருந்து விடுவதன் மூலக் காரணங்களில் இதுவும் ஒன்று. நோய்த்தடுப்புக்கும் இத்தகைய கணக்கு உதவும்: கென்யாவில் ஏறத்தாழ 1.5 கோடி கைபேசிகளின் பதிவுகளைக் கொண்டு, மலேரியா எந்த வட்டாரத்திலிருந்து எங்கே பயணிக்கிறது என்று 2012-இல் கண்டறிந்தார்கள்.

ஆபத்தும் இங்கேதான். பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டால் போதும் என்பது வெறும் சமாதானம். 15 லட்சம் பேரின் கைபேசித் தடங்களை ஆராய்ந்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு, இடமும் நேரமுமாக நான்கே புள்ளிகள் கிடைத்தால் 95 சதவீதம் பேரின் தடத்தைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டியது. நமது 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு தருகிறது. அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கும் விலக்கு தருகிறது. போராட்டத்துக்குப் போனவர் யார், செய்தியாளரைச் சந்தித்தவர் யார் என்று தேட இந்தக் கதவு போதும்.

வழி நம் கையிலேயே இருக்கிறது. 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி, கணக்கெடுப்பில் ஒருவர் சொன்னதை நீதிமன்றத்தில்கூடச் சாட்சியமாகக் காட்ட முடியாது. நடமாட்டத் தரவுக்கும் அதே காப்பு வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வட்டார, மணிநேர வாரியான கூட்டுத்தொகையை மட்டுமே தர வேண்டும். ஆள் குறைவான இடங்களின் எண்ணிக்கையை மறைத்துவிட வேண்டும். கைபேசி இல்லாதவர்கள் விடுபடாதிருக்க வீடுவீடான பயணக் கணக்கெடுப்பும் உடன் நடக்க வேண்டும். நுணுக்கம் குறையும் என்று ஆய்வாளர்கள் சிலர் முறையிடலாம். பேருந்துத் தடம் போடவோ கொசு மருந்து அடிக்கவோ யாருடைய வீட்டு வாசலும் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆதார நாள் 2027 மார்ச் 1. அதற்குள் நாடாளுமன்றம் நடமாட்டத் தரவுக்கான தனிச் சட்டத்தை நிறைவேற்றட்டும். அதுவரை எந்தத் துறையும் கைபேசித் தடங்களைத் திரட்டத் தொடங்கக் கூடாது.