ஒப்பந்தம் முடிந்தால் ஓடிவிடுவார்களா?

கிராமச் சேவையை நிபந்தனையாக்கி மருத்துவ மாணவருக்கு உதவித்தொகை தருவது வீண் செலவு, ஒப்பந்தம் முடிந்த மறுநாளே மருத்துவர் நகரத்துக்குப் பெட்டி கட்டிவிடுவார் என்றொரு வாதம் உண்டு. ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அரை நூற்றாண்டு அனுபவம் இதை ஏற்கவில்லை.

1972இல் தொச்சிகி மாகாணத்தில் தொடங்கிய இந்த நிறுவனத்துக்கு 47 மாகாணங்களிலிருந்தும் ஆண்டுதோறும் இரண்டு மூன்று பேர் தேர்வாகிறார்கள். ஆறாண்டுப் படிப்புச் செலவு கடனாகக் கிடைக்கும். சொந்த மாகாணத்தில் ஒன்பதாண்டு பணியாற்றினால் கடன் தள்ளுபடி. இடையில் விலகினால் மொத்தத்தையும் ஒரே தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும். விலகுவோர் மிகச் சிலரே. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சொந்த மாகாணத்திலேயே தங்கிவிட்டதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாகாணத்தில் தங்குவதும் மலைக்கிராமத்தில் தங்குவதும் ஒன்றல்ல, உண்மைதான். ஆனாலும் ‘எல்லோரும் ஓடிவிடுவார்கள்’ என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

பணத்தை மட்டும் பார்ப்பவர்கள் பயிற்சியைப் பார்ப்பதில்லை. ஜிச்சியில் பட்டம் பெற்றவரை நேராகக் குக்கிராமத்தில் கொண்டுபோய் விடுவதில்லை. முதல் இரண்டாண்டு மாகாணத்தின் பெரிய மருத்துவமனையில் பல துறைகளிலும் பழக்குகிறார்கள். இதற்குக் காரணம் உண்டு: ஒரே மருத்துவரை நம்பியிருக்கும் ஒகினாவா மாகாணத் தீவுகளில் குழந்தையின் காய்ச்சலானாலும் முதியவரின் மாரடைப்பானாலும் முதலில் பார்ப்பவர் அவர்தான். துணையும் பயிற்சியும் தராமல் அபராதத்தை மட்டும் காட்டும் திட்டங்கள் தோற்பதுண்டு. அந்தத் தோல்வியை உதவித்தொகையின் தலையில் கட்டுவது நியாயமில்லை.