ஆண்மைக்கு அழகா மது?

பங்கு இல்லத்தின் கதவைத் தட்டும் கண்ணீர்க் கதைகளுள் ஒன்று நமக்கு மிகவும் பழகிப்போனது. மணமாகி ஆண்டுகள் பல கடந்தும் மகப்பேறு வாய்க்கவில்லை. புகுந்த வீட்டில் அவளுக்கு 'மலடி' என்று பெயர். மருத்துவர் பலரிடம் சென்றவள் அவள். வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டியவளும் அவளே. கணவனைப் பற்றிக் கேட்டால், "தினமும் குடிப்பார், சாமி" என்று தலைகுனிகிறாள். அவனும் சோதித்துப் பார்க்கலாமே என்றால், "எனக்கென்ன குறை? நான் ஆம்பளை" என்பது அவன் பதில்.

இந்தப் பதிலையே நாம் மறுக்கிறோம். குடிப்பது ஆண்மையின் அடையாளம் என்னும் நம்பிக்கை அறத்திற்கு மட்டுமன்று, உடலியலுக்கும் பொய்யானது.

ஆண்மைக்கு அடிப்படையான டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன், விந்தகங்களில் உள்ள லீடிக் செல்களில் சுரக்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியை ஏவ, அது விந்தகங்களை ஏவுகிறது. தொடர்குடி இம்மூன்று படிகளையும் தாக்குகிறது. மது சிதையும்போது பிறக்கும் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சு லீடிக் செல்களின் பணியைக் கெடுக்கிறது. மேலிருந்து வரவேண்டிய ஏவலும் தளர்கிறது. கல்லீரல் இறுகிச் சுருங்கிவிட்டாலோ கேடு இரட்டிப்பாகிறது. ஆண் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனாக மாறுவது மிகுகிறது. மார்பு பருக்கிறது; உடல் உரோமம் உதிர்கிறது; விந்தகங்கள் சுருங்குகின்றன; வேட்கையும் ஆற்றலும் குன்றுகின்றன. மீசையை முறுக்கிக்கொண்டு கோப்பையை எடுத்தவனுக்குக் கோப்பை தரும் பரிசு இதுவே.

"இவையெல்லாம் நோயாளிகளுக்குத்தானே?" என்பர் சிலர். அமெரிக்காவில் 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், நலமுள்ள ஆண்களுக்கு நான்கு வாரங்கள் வரை மது கொடுத்துப் பார்த்தனர். கல்லீரல் நோய் ஏதுமில்லாத அவர்களிடமும் டெஸ்டோஸ்டீரோன் உற்பத்தி குறைந்தது.

"கானாவூரில் ஆண்டவரே இரசம் அளித்தாரே" என்பர் வேறு சிலர். அளித்தார்; ஒரு மணவீட்டின் மானம் காக்க அளித்தார். மணவாழ்வின் கனியையே அழிக்கும் அன்றாடக் குடிக்கு அந்த அற்புதத்தைச் சாட்சிக்கு அழைப்பது முறையன்று. மது அருந்தி வீரம் காட்ட முயல்வோரைச் சீராக்கின் ஞானநூல் தன் 31-ஆம் அதிகாரத்தில் அன்றே எச்சரித்திருக்கிறது.

தமிழகத்தில் 2003 முதல் அரசே மதுவைச் சில்லறையில் விற்கிறது எனக் குறைகூறுகிறோம். குறைகூறுவது நியாயமே. ஆனால் ஞானஸ்நான விருந்தின் கொல்லைப்புறத்தில் புட்டியைத் திறந்துவைப்பது அரசா? "கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான்" என்று சொல்லி, குடிகாரனுக்குப் பெண் கொடுத்து, ஓலை வாசிக்கக் கேட்பது அரசா? பெற்றோராகிய நீங்களும், தெரிந்தும் கேளாமல் இருந்துவிடும் மேய்ப்பர்களாகிய நாமும் அல்லவா?

குழந்தையில்லாத இணைகளில் ஏறத்தாழப் பாதியளவில் ஆணின் உடற்குறைக்கும் பங்குண்டு. எனவே, கணவனைச் சோதிக்குமுன் மனைவியைப் பழிப்பது அறியாமை. அவன் குடி தெரிந்தும் பழிப்பது பாவம்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள்கள் ஆகின்றன. குடியை அறவே விட்டவர்களிடம் வாரங்களிலும் மாதங்களிலும் ஹார்மோன் சுரப்பு மீள்வதுண்டு. கல்லீரல் சுருங்கியபின் முழுமையாக மீள்வது அரிது. ஆதலால் காலம் தாழ்த்தலாகாது. நெடுநாள் குடித்தவர் மருத்துவர் துணையுடனேயே நிறுத்துதல் வேண்டும். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

தொட்டில் கட்டச் சென்ற பெண்ணின் கண்ணீரை இறைவன் அறிவார். இனி மருத்துவமனைக்குச் செல்லவேண்டியவன் கணவன். தன் குறையை ஏற்று அந்தப் படியேறத் துணிபவனே ஆண்மகன்.