சராசரி என்னும் திரை

மின்கட்டணத்தை உயர்த்துமாறு விண்ணப்பிப்பதும், அதனைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு ஆராய்வதும், பொதுமக்கள் கருத்துரைக்க அழைக்கப்படுவதும், ஈற்றில் ஒரு வீதம் அறிவிக்கப்படுவதும் இந்நாட்டில் வழமையாகிவிட்டன. அந்த ஒற்றை வீதத்தை நம்பாதீர் என்கிறோம் நாம்.

2023 பெப்ரவரியில் அங்கீகரிக்கப்பட்ட உயர்வு சராசரி 66 வீதம் என்றனர். மாதம் 30 அலகு மட்டுமே எரிக்கும் ஏழை வீட்டுக்கு நேர்ந்தது யாது? 2022 ஓகஸ்டுக்கு முன்னர் அவ்வீட்டின் மின்பட்டியல் 105 ரூபா. ஓகஸ்டில் அது 360 ரூபாவாயிற்று; பெப்ரவரியில் 1,300 ரூபா! இதில் 400 ரூபா, விளக்கேற்றாவிடினும் செலுத்தியே தீரவேண்டிய நிலைக் கட்டணம். ஆகவே வாவியில் வலைவீசி அன்றாடம் பிழைக்கும் குடும்பத்துக்கு உயர்வு 66 அன்று, 261 வீதமாகும். பின்னர் கட்டணங்கள் குறைக்கப்பட்டன என்பது உண்மையே. ஆனால் இடையிலே அடகுக்குப் போன நகையை யார் மீட்டுக் கொடுத்தனர்?

ஒன்பது ஆண்டுகள் உயர்த்தாதிருந்து நட்டத்தைக் குவித்தமையே காரணம் என்பர். ஒப்புக்கொள்கிறோம். நட்டத்தை ஈடுசெய்வதா என்பதன்று நமது வினா. யார் தோளில் எவ்வளவு என்பதே.

அவ்வுயர்வை எதிர்த்த ஆணைக்குழுத் தலைவரை 2023 மே மாதத்தில் பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்குகளால் நீக்கியது. அவர்மீது சாட்டப்பட்டவற்றை இங்கு நாம் ஆராயவில்லை. தீர்ப்பளிக்கும் ஆசனம் எத்துணை எளிதில் அசையும் என்பதை நாடு கண்டது.

எனினும் ஆணைக்குழு முற்றிலும் செவிடன்று. 2025 ஜனவரியில் மின்சார சபை மாற்றம் வேண்டாமென்றிருக்க, மக்கள் கருத்தைக் கேட்டபின் 20 வீதம் குறைத்தது. அதே ஆண்டு ஜூனில், செலவை ஈடுசெய்யும் கட்டணத்தைச் சர்வதேச நாணய நிதியம் வற்புறுத்தியிருந்த நிலையில், கேட்கப்பட்ட 18.3க்கு 15 வீதம் கொடுத்தது; ஒக்டோபரில் 6.8 வீதக் கோரிக்கையை மறுத்தது. பேசினால் பயனுண்டு என்பதற்கு இது போதிய சான்றன்றோ!

ஆனால் வாகரையிலும் படுவான்கரையிலும் இருப்போர் எங்கே, எம்மொழியில் பேசுவது? 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், பாதிக்கப்படக்கூடியோரைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. எந்த அளவுக்கு என்பதையோ ஆணைக்குழுவின் எண்ணத்துக்கே விட்டுவிடுகிறது. அந்த அளவை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும். கிழக்கின் நிருவாக மொழி தமிழ் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. ஆதலால் ஒவ்வொரு விண்ணப்பத்தின் முழுக் கணக்கும், அமர்வுக்குப் போதிய நாள்கள் முன்னதாகத் தமிழில் கிடைக்க வேண்டும். மட்டக்களப்பில் அமர்வு நடைபெற வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் போனவர்கள் கரைதிரும்பியபின், பிற்பகலிலே. 30 அலகு வீட்டுக்கு எத்தனை ரூபா கூடும் என்பது முதற்பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். நிராகரிக்கும் வாதத்துக்குக் காரணமும் கூற வேண்டும்.

மீனவர் சங்கங்களும் மாதர் சங்கங்களும் தத்தம் ஊர் மின்பட்டியல்களை இப்பொழுதே மாதவாரியாகச் சேர்த்து வைக்கட்டும். அடுத்த விண்ணப்பம் வரும்போது அவையே நமது சாட்சியம்.