"பாட்டிய தூங்க வைக்கப் போறாங்களா?" - கடைசிக்கால மயக்க மருந்து பற்றி வீட்டில் எப்படிச் சொல்வது?

மருத்துவர் ஆங்கிலத்தில் 'செடேஷன்' என்கிறார். கட்டிலைச் சுற்றி அம்மா, பெரியம்மா, மாமா. எல்லார் பார்வையும் உங்கள் மேல். "என்ன சொல்றாங்கடா?"

நம்மில் பலருக்கு மருத்துவமனையில் கிடைக்கும் வேலை இது. சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர்! "ஊசி போட்டுத் தூங்க வைப்பாங்களாம்" என்று நீங்கள் சொன்ன அடுத்த நிமிடம் யாராவது ஒருவர் கேட்பார்: "அப்போ முடிச்சிடப் போறாங்களா?"

இல்லை. ஆனா ஏன் இல்லை என்று உங்களால் விளக்க முடியுமா?

எப்போது கொடுப்பார்கள்?

புற்றுநோய் முற்றிய சிலருக்குக் கடைசி நாள்களில் மூச்சுத்திணறலோ வலியோ கடும் மனக்குழப்பமோ எந்த மருந்துக்கும் அடங்காமல் போகலாம். மற்ற வழிகள் பலன் தராதபோதுதான் மயக்க மருந்து பற்றிய பேச்சு வரும். பெரும்பாலும் மிடாசொலாம் எனும் மருந்து. சின்ன பம்ப் வழியாகத் தோலுக்கு அடியில் மெதுவாக இறங்கும். குறைந்த அளவில் தொடங்கி, தவிப்பு அடங்கும்வரை மட்டுமே கூட்டுவார்கள். முதலில் லேசான மயக்கம். கூப்பிட்டால் கண் திறக்கலாம். ஆழ்ந்த, தொடர்ச்சியான மயக்கம் அதற்குப் பிறகுதான்.

மார்ஃபின் வேறு. அது வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் கொடுப்பது. ஆளை மயக்குவதற்காக அதன் அளவைக் கூட்டுவது சரியான முறையல்ல. வீட்டில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். அதைத் தெளிவுபடுத்துங்கள்.

கருணைக்கொலையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

கருணைக்கொலையில், உயிர் போனால்தான் காரியம் முடிந்தது என்று அர்த்தம். மயக்க மருந்தில், தவிப்பு அடங்கினாலே போதும். சிங்கப்பூரில் கருணைக்கொலைக்கு அனுமதியில்லை. 1996இல் வந்த முன்கூட்டிய மருத்துவ உத்தரவுச் சட்டமும் அதை அனுமதிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

நோக்கம்தான் முக்கியம் என்பது பழைய வாதம். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனஸ் தற்காப்பு பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்தது. நல்ல நோக்கத்தோடு செய்யும் செயலில், விரும்பாத தீய விளைவு வரக்கூடும் என்று முன்பே தெரிந்தாலும் சில சூழல்களில் அதை ஏற்கலாம் என்பது அதன் சாரம். ஆனா ஒருவர் மனதில் உள்ள நோக்கத்தை நம்மால் பார்க்க முடியாதே? மருந்து அட்டையைப் பார்க்கலாம். படிப்படியாக ஏறிய அளவும், ஒவ்வொரு முறையும் ஏன் கூட்டினார்கள் என்ற குறிப்பும் அதில் இருக்கும். தத்துவத்தைவிட அந்த அட்டை நம்பகமானது என்பேன்.

ஆயுள் குறையுமா? 2009இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்றில் மயக்க மருந்து பெற்ற 267 பேரையும் பெறாத 251 பேரையும் ஒப்பிட்டார்கள். நடுமதிப்பு ஆயுள்காலம் முறையே 12 நாள், 9 நாள். மயக்க மருந்து மரணத்தைத் துரிதப்படுத்தவில்லை என்பது ஆய்வாளர்களின் முடிவு. அதற்காக ஆயுளைக் கூட்டியது என்று சொல்லிவிடாதீர்கள். தவிக்கும் நோயாளிகளிடையே சீட்டுக் குலுக்கிப் போட்டு "உனக்கு உண்டு, உனக்கு இல்லை" என்று பிரிக்க முடியாது. அதனால் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு ஓர் எல்லை உண்டு.

சாப்பாடு? தண்ணீர்?

வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். "பட்டினி போட்டுச் சாகடிக்கிறீங்களா?" என்று மாமா கத்தலாம்.

மரணம் மணிக்கணக்கிலோ சில நாள்களிலோ நெருங்கும்போது உடலுக்கு உணவு தேவைப்படுவதில்லை. சிலருக்கு டிரிப்ஸ் ஏற்றினால் வீக்கமும் நுரையீரலில் நீரும் கூடலாம். ஆனா இன்னும் பல வாரம் வாழக்கூடிய ஒருவரை ஆழ்ந்து மயக்கி நீரையும் நிறுத்தினால், உயிரைப் பறிப்பது நோயா, நீர் இல்லாததா? அதனால்தான் நெதர்லந்து மருத்துவர்களின் வழிகாட்டி நெறிகள், ஆழ்ந்த தொடர் மயக்கத்தை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் மரணம் எதிர்பார்க்கப்படுவோருக்கு மட்டும் என்று வரையறுக்கின்றன. டிரிப்ஸ் பற்றிய முடிவு தனி. அதைத் தனியாகவே கேளுங்கள்.

நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: கடைசியாக வாயில் பால் ஊற்றுவது. ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவரால் விழுங்க முடியாது. பால் நுரையீரலுக்குள் போகலாம். அதற்காக வேண்டவே வேண்டாம் என்று பாட்டியின் தங்கையிடம் சொல்ல வேண்டியதில்லை. தாதியிடம் கேட்டு, பஞ்சில் தொட்டு உதட்டை நனைக்கலாம்.

இன்னும் தீராத கேள்வி

"உடம்பு வலி இல்ல, ஆனா இனி முடியல" என்று ஒருவர் சொன்னால்? மனவேதனைக்கு மட்டும் ஆழ்ந்த மயக்கம் தரலாமா என்பதில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. பிரான்ஸ் 2016இல் சில நிபந்தனைகளோடு, மரணம்வரை ஆழ்ந்த மயக்கம் கேட்கும் உரிமையைச் சட்டமாக்கியது. அந்த நிபந்தனைகளில் ஒன்று, மரணம் நெருங்கியிருக்க வேண்டும் என்பது.

யார் சம்மதிப்பது?

என்னை அதிகம் உறுத்துவது இந்தக் கேள்விதான். "அவங்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று அன்போடு மறைக்கிறோம். நோயின் நிலையே தெரியாத ஒருவர் மயக்கத்துக்கு எப்படிச் சம்மதிப்பார்? மனக்குழப்பம் வந்தபின் கேட்கவும் முடியாது. அப்புறம் அவர் நன்மையைக் கருதி மருத்துவர் முடிவெடுப்பார். "பாட்டி என்ன விரும்புவாங்க?" என்று உங்களைத்தான் கேட்பார்கள். பதில் தெரியுமா?

முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் என்பது இதற்காகத்தான். சட்டப்படி கட்டுப்படுத்தும் பத்திரம் அல்ல, பேசி எழுதிவைக்கும் விருப்பம். முன்கூட்டிய மருத்துவ உத்தரவு வேறு. 21 வயதானவர், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திடுவது. சாட்சிகளில் ஒருவர் மருத்துவர். அது உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சையைத்தான் மறுக்கிறது. வலி தணிக்கும் பராமரிப்பை நிறுத்தாது.

மருத்துவமனையில் நிகழும் மரணங்களின் விகிதத்தை 61 விழுக்காட்டிலிருந்து 2027க்குள் 51 விழுக்காடாகக் குறைக்க 2023இல் சுகாதார அமைச்சு இலக்கு வைத்தது. ஆக, இந்தப் பேச்சு இனி உங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம். பக்கத்தில் மொழிபெயர்க்க வேறு ஆள் இருக்கமாட்டார்.

அப்போ என்னதான் சொல்வது? 'தூங்க வைக்கிறாங்க' வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பாட்டி தவிக்காம இருக்க மருந்து தர்றாங்க. அதுல அவங்க மயக்கமா இருப்பாங்க. திரும்ப முழிக்காம போகலாம், ஆனா போறது நோயாலதான். பேச வேண்டியவங்க, மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி இப்பவே வந்து பேசிடுங்க."