விழுங்கவா, உறிஞ்சவா?

தமிழ்த்துறையினர் வெளியிடும் மலரில் செவிலியர் பயிலும் மருந்தியலுக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கக்கூடும். மருந்தின் பெயரும், அளவும், அது உடலினுள் தொழிற்படும் முறையும் மருத்துவ அறிவியலுக்கு உரியவை. அவற்றில் தலையிடும் தகுதி நமக்கில்லை. ஆனால், அம்மருந்து நோயாளியின் கையில் வைக்கப்படும்போது உடன் சொல்லப்படும் நான்கைந்து சொற்கள் தமிழுக்கு உரியவை. அச்சொற்கள் பிழைபடின் மருந்து வீணாகும். சில வேளைகளில் தீங்கும் செய்யும். மூச்சு நோய்களுக்கும் வயிற்று நோய்களுக்கும் தரப்படும் மருந்துகளில் இதற்கு இடம் மிகுதி. ஆதலின் தமிழ் பயில்வோர் இதனைத் தம் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளவேண்டும் என்பது நம் கருத்து.

"மருந்து சாப்பிட்டாயா?" என்றே வீடுதோறும் கேட்கிறோம். மாத்திரையையும் சாப்பிடுகிறோம், சூரணத்தையும் சாப்பிடுகிறோம், பாட்டில் மருந்தையும் சாப்பிடுகிறோம். உண்ணல், தின்னல், பருகல், நக்கல், மெல்லல், உறிஞ்சல், விழுங்கல் என வாயின் தொழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினைச்சொல் கண்ட மொழி, மருந்து என்று வந்தவுடன் அத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. இதன் விளைவை ஆஸ்துமா நோயாளியிடம் காணலாம். ரோட்டாகேப் என்பது மருந்துத்தூள் அடைத்த கேப்ஸ்யூல். ரோட்டாஹேலர் என்னும் சிறு கருவியில் அதனை இட்டு, திருகித் திறந்து, வாயால் உறிஞ்சித் தூளை நுரையீரலுக்குள் செலுத்தவேண்டும். தோற்றத்தில் அது விழுங்கும் கேப்ஸ்யூலைப் போன்றே இருக்கும். "காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்று மட்டும் கேட்டு வீடு திரும்பியவர் அதனைத் தண்ணீருடன் விழுங்கிவிடுவதில் என்ன வியப்பு? இது நம் நாட்டு எளியோர்க்கு மட்டும் நேரும் பிழையன்று. உறிஞ்சவேண்டிய கேப்ஸ்யூல்களை நோயாளிகள் விழுங்கிவிடுகின்றனர் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2008இல் எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது.

உறிஞ்சுதல் என்று சரியாகச் சொல்லிவிட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. ரோட்டாஹேலரில் தூளை இழுத்துச் செல்வது நோயாளியின் மூச்சே. ஆகவே வேகமாக, வலிந்து இழுக்கவேண்டும். அழுத்தினால் பீய்ச்சும் இன்ஹேலரிலோ மருந்து தானே வேகத்துடன் வெளிப்படுகிறது. அங்கே மெல்ல, நீள இழுக்கவேண்டும். முதலில் குலுக்கி, உள்ளிருக்கும் மூச்சை வெளியேற்றி, இதழ்களால் நன்கு கவ்வி, இழுக்கத் தொடங்கும் நொடியிலேயே அழுத்தி, இழுத்த மூச்சைப் பத்து எண்ணும்வரை அடக்கவேண்டும். அழுத்துவது முந்திவிட்டால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் படிந்துவிடும். இரண்டு கருவிகளுக்கும் "நல்லா இழுங்க" என்று ஒரே சொல்லைச் சொல்லி அனுப்புவது, எதிரெதிரான இரண்டு ஊர்களுக்கு ஒரே வழியைக் காட்டுவதற்கு ஒப்பாகும். வேகமாகவா, மெல்லவா என்னும் ஓர் அடைமொழியில் மருந்தின் பயன் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் இவ்விடத்தில் கூறவேண்டும். சால்பியூட்டமால் சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைத் தளர்த்தி ஆறுதல் தருகிறது. கை சற்று நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ஆயினும் மூச்சு வந்துவிடும். பியூடெசொனைட் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் அவ்வாறன்று. மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை நாள்கணக்கில், வாரக்கணக்கில் தணிப்பது அதன் பணி. இழுத்தவுடன் எதுவும் தெரியாது. ஆதலால் மக்கள் முன்னதை நல்ல மருந்து என்றும், பின்னதைப் பயனற்றது என்றும் முடிவு கட்டி நிறுத்திவிடுகிறார்கள். "ஸ்டீராய்டு" என்னும் பெயரே அச்சத்தைப் பாதி விளைவித்துவிடுகிறது. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலை வழங்கும் ஜினா அமைப்பு, பெரியவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் சால்பியூட்டமால் போன்றவற்றை மட்டும் தனித்துக் கொடுத்து மருத்துவம் செய்வதைப் பரிந்துரைக்கவில்லை என 2019இல் அறிவித்தது. இதனை நோயாளிக்கு விளங்கவைக்க நீண்ட விரிவுரை வேண்டியதில்லை. "இது வந்த இழுப்பை அடக்குவது, இது இழுப்பு வராமல் காப்பது, வராத நாளிலும் இதை விடக்கூடாது, இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும், இல்லையேல் வாயில் வெண்படலம் தோன்றும்." இவ்வளவே போதும்.

வயிற்று மருந்துகளுக்கு வருவோம். "சாப்பாட்டுக்கு முன்" என்று சீட்டில் எழுதப்படுகிறது. இலை போட்டபின் விழுங்குபவரும் அதற்கு இணங்கியவரே. ஆனால், ஒமெப்ரசோல் முதலிய மருந்துகள் வயிற்றில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகளை அடைப்பவை. அப்பம்புகள் உணவு வரும்போதுதான் முழுமையாக விழித்தெழுகின்றன. அப்போது மருந்து இரத்தத்தில் இருக்கவேண்டுமெனின் அரைமணி நேரத்துக்கு முன்னரே விழுங்கியிருக்கவேண்டும். அமிலம் சிதைத்துவிடாதபடி மேற்பூச்சு இட்ட மருந்து அது. மென்றாலும் பொடித்தாலும் பூச்சு போய்விடும். இதற்கு நேர்மாறாக, வயிற்றெரிச்சலுக்குத் தரும் ஆன்டாசிட் மாத்திரையை நன்கு மென்றே விழுங்கவேண்டும். ஒன்றை மெல்லாதே, மற்றதை மெல்! ஆன்டாசிட்டில் அலுமினியம் மலத்தைக் கட்டும், மக்னீசியம் இளக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்வதன் காரணம் அதுவே. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றோடு ஆன்டாசிட்டைச் சேர்த்து உட்கொண்டால் அவை உடலில் ஏறா. இரண்டு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். "எல்லாவற்றையும் சாப்பிட்டதும் ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று எளிமை கருதிச் சொல்லப்படும் சொல்லில் இருக்கும் கேடு இது.

மூச்சிரைப்புக்குத் தரும் தியோஃபிலின் மாத்திரையைப் பற்றி ஒரு சொல். அதன் நலம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் ஆகியவை உடன் சேர்ந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி, குமட்டல், படபடப்பு, வலிப்புவரை கொண்டுசெல்லும். ஆகவே "வேறு டாக்டரிடம் ஏதாவது மாத்திரை வாங்கினீர்களா?" என்று செவிலியர் கேட்கும் கேள்வியும் மருந்தியலே.

சொல் உயிர் காக்கும் என்பதற்கு நாம் காட்ட விரும்பும் சான்று வங்க மண்ணில் உள்ளது. 1971இல் எல்லையோர ஊராகிய பங்காவின் அகதி முகாமில் காலரா பரவியது; நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த பொடியைப் பைகளில் கொண்டுவந்து, டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினரையே புகட்டச் செய்தார். 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அதனினும் நம் கருத்தைக் கவர்வது பின்னர் நிகழ்ந்தது. 1980 முதல் பத்தாண்டுகள், வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் பெண் ஊழியர்களை வீடுவீடாக அனுப்பியது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர்: தாயின் மொழியில், தாயின் கையளவில், அடுப்படியில் இருக்கும் பொருளில் பாடம் நடந்தது. ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகளுக்கு மேல் சென்றார்கள். சொல்லிக்கொடுத்தோம் என்பதற்காக அவ்வூழியருக்குக் கூலி தரப்படவில்லை. பின்னர் வேறொருவர் சென்று சோதிக்கும்போது தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்தே கூலி அமைந்தது. ஆசிரியர்களாகிய நம்மில் எத்தனை பேர் இத்தகைய சம்பள ஏற்பாட்டுக்கு உடன்படுவோம்!

நம் ஊரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரு அளவுகளில் விற்கப்படுகிறது. ஒன்று ஒரு லிட்டருக்கு, மற்றது 200 மில்லிலிட்டருக்கு. பெரிய பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைத்துப் புகட்டினால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்தாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டுக்கு ஒவ்வாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்னும் சொல் இடம்பெறலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டதையும் இங்கே நினைக்கவேண்டும். மூன்றெழுத்துப் பெயரை நம்பி, பேதியான குழந்தைக்குச் சர்க்கரை நீரைப் புகட்டிய தாயைக் குறைசொல்ல இயலுமா?

இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் திருத்திய நான்காண்டுப் பட்டப்படிப்பில், மருந்தியல் மூன்றாம் பருவத்தில் தொடங்குகிறது; வயிற்று மருந்துகளும் மூச்சு மருந்துகளும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. முதற்பருவத்தில் ஆங்கிலத் தொடர்பாடலுக்கு ஒரு பாடம் உண்டு. நோயாளியின் தாய்மொழிக்கென்று தனித்தாள் இல்லை. ஆங்கிலம் வேண்டாம் என்பார் எவருமிலர். வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் செல்லவிருக்கும் மகளிர்க்கு அது வாழ்வு. மருந்தின் பெயரைத் தமிழாக்கவேண்டும் என்பதும் நம் வாதமன்று. சால்பியூட்டமால் தமிழிலும் சால்பியூட்டமாலே. "மூச்சுக்குழல் விரிப்பி" போன்ற ஆக்கங்கள் நூலில் இருக்கட்டும். நோயாளியிடம் இன்ஹேலர் என்றே சொல்லலாம். தமிழாக வேண்டியது வினைச்சொல். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களும் ஆக்கினார். கடல்கடந்து வந்த ஒருவருக்கு முழு மருத்துவத்தையும் தமிழில் சொல்ல முடிந்ததெனின், ஒரு மருந்துத்தாளை எழுதுவது நமக்கு அரிதன்று.

எனவே, தமிழ் பயிலும் இறுதியாண்டு மாணவர்கள் அருகிலுள்ள செவிலியர் கல்லூரி மாணவியரோடு கூடி, மருந்து வழங்கும் சன்னலருகே சில நாள்கள் நின்று, மக்கள் வாய்ச்சொற்களைக் குறித்து வரவேண்டும். இழுப்பு, இளைப்பு, வீசிங், நெஞ்சுக்கரிப்பு, கேஸ், வயிற்றாலே போதல் என்று எத்தனையோ கிடைக்கும். அவற்றைக் கொண்டு மருந்துக்கு ஒரு தாளாக எழுதி, நோயாளியிடம் படித்துக் காட்டி, அவரையே திரும்பச் சொல்லச் செய்யவேண்டும். அவர் தடுமாறும் சொல் எதுவோ அதனை அடித்துவிடவேண்டும், அது எத்துணை அழகிய சொல்லாயினும்.

சமுதாயப் பெரியோரிடம் ஒரு வேண்டுகோள். நோன்புக் காலத்தில் இன்ஹேலர் இழுப்பது குறித்து மார்க்க அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. அதில் தீர்ப்புச் சொல்வது செவிலியரின் இடமன்று, நம்முடைய இடமுமன்று. ஆயினும் யாரையும் கேளாமல் காக்கும் மருந்தை ஒரு மாதம் முழுவதும் நிறுத்திவிடுவோர் உளர். நாளுக்கு இருமுறை இழுக்கும் மருந்தாயின் மருத்துவரைக் கேட்டு ஸஹருக்கும் இஃப்தாருக்குமாக மாற்றிக்கொள்ளலாம். மும்முறை உட்கொள்ளும் மருந்துகளை என்செய்வது என்பதையும் முன்கூட்டியே அவரிடம் கேட்டறியவேண்டும். இவற்றைக் கூறும் தாள் ஒன்று, ரமளானுக்கு ஒரு மாதம் முன்னரே பள்ளிவாசல்களில் கிடைக்கவேண்டும். அளவைச் சரிபார்க்க மருத்துவரும் செவிலியரும் இருக்கிறார்கள். வினைச்சொல்லைச் சரிபார்க்க இத்துறை இருக்கிறது. அச்சுக்கூலியை மட்டும் பெரியோர் ஏற்றுக்கொண்டால் வரும் ரமளானுக்கே பணியைத் தொடங்கிவிடலாம்.