மானாமதுரையில் திறந்த டிரங்குப் பெட்டி

1952 ஆகஸ்ட் மாதக் கடைசி. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறத் தொடங்கியது. பயணிகள் சத்தம் போட, மானாமதுரையில் போலீசார் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே தலை இல்லாத ஓர் ஆண் சடலம்.

இறந்தவர் யார், எந்த ஊரைச் சேர்ந்தவர்? போலீஸ் செய்திகளில் இன்றும் தினமும் வரும் அந்தக் கேள்விக்கு மானாமதுரையில் யாருக்கும் விடை தெரியவில்லை. விடை சென்னையில் இருந்தது. சீனக்கடைத் தெருவில் ஒரு பேனாக் கடையின் முகப்பில் பிளாஸ்டிக் சாமான் விற்றுவந்த ஆளவந்தார் ஆகஸ்ட் 28ஆம் தேதியிலிருந்து வீடு திரும்பவில்லை. ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. காது குத்திய துளைகளையும் பல்வரிசையையும் வைத்து, அது அவர்தான் என்றானது. முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அவருடைய கைரேகையும் அங்கே பத்திரமாக இருந்தது. என்றோ ஒரு குமாஸ்தா வேறு காரியத்துக்காக எடுத்து வைத்த மை ரேகை, அவருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது.

கொலை வழக்கில் 1953இல் தீர்ப்பு வந்துவிட்டது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. திண்ணைகளிலும் பத்திரிகைகளிலும் நாற்பது ஆண்டுக்கு மேல் ஓடிய அந்தக் கதையை 1995இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடராகவே எடுத்தது. அன்றைக்கு அதைப் பார்த்தவர்களுக்கு டிரங்குப் பெட்டி நினைவிருக்கும், ரயில் சத்தம் நினைவிருக்கும். ஆனால் தூர்தர்ஷன் காலத்துத் தொடர்களில் மறுபடி பார்க்கக் கிடைப்பவை சில. பார்த்தவர்களின் ஞாபகத்தில் மட்டும் தங்கியவை பல. ஞாபகம் ஒரு தலைமுறை தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

ஒளிபரப்பைப் பதிந்த நாடா ஏன் காணாமல் போகிறது? காரணம் எளிது. அதன் மேல் மறுபடி பதியலாம். நாடா விலை அதிகம், வைக்க இடம் வேண்டும், ஒளிபரப்பான நிகழ்ச்சியை இனி யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம் வேறு. உலகம் முழுக்க நிலையங்கள் இதைத்தான் செய்தன. பிபிசி அழித்த ‘டாக்டர் ஹூ’ பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்னும் கிடைக்கவில்லை. 2013இல் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து நிலையம் ஒன்றில் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. படம் போன பகுதிகளுக்கும் ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. வீட்டில் டேப் ரிக்கார்டரைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்த ரசிகர்களின் புண்ணியம் அது. நிலவில் மனிதன் இறங்கிய ஒளிபரப்பின் மூல நாடாக்களையே நாசா அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டது. 2009இல் அதை அவர்களே சொன்னார்கள்.

அழியாத நாடாவையும் காற்றின் ஈரம் விடாது. பாலியெஸ்டர் பட்டையின் மேல் இரும்பு ஆக்சைடுப் பொடியை ஒட்டவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகும். நம் ஊர் மழைக்காலத்தில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும்.

தொடரைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சென்னைத் தொலைக்காட்சியில் வந்த ‘காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பு’ பலருக்கு நினைவிருக்கும். ஒரு புகைப்படம், பெயர், வயது, உயரம், நிறம், கடைசியாக உடுத்தியிருந்த உடை, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். அடுத்த முகம். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்த வீடுகள் அந்தச் சில நிமிடங்கள் அமைதியாகும். அந்த முகங்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், எத்தனை பேர் ஏதோ ஓர் ஊரின் சவக்கிடங்கில் பெயர் இல்லாமல் கிடந்தார்கள்? ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒளிபரப்பு வேண்டும். நிகழ்ச்சி என்று யாருமே கணக்கில் சேர்க்காத அந்த நிமிடங்கள்தான் மிகப் பெரிய அடையாளப் பதிவேடு.

செஞ்சி, மேல்சித்தாமூர் பக்கம் ஏரியிலோ கிணற்றிலோ ஒரு சடலம் மிதந்தால் நடப்பது என்ன? கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுப்பார். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194: அந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகும். உடல் அரசு மருத்துவமனைக்குப் போகும். ஆண், வயது சுமார் 45, மாநிறம், கட்டம் போட்ட லுங்கி, இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு, கையில் பச்சை குத்தியது என்று ஒரு துண்டுச் செய்தி வரும். அந்தப் பச்சை எழுத்தை எங்கோ ஓர் அம்மா படித்துவிட மாட்டாளா என்பதுதான் எல்லா நம்பிக்கையும்.

படித்துவிடுகிறவர்கள் சில நேரம் எழுபது ஆண்டு கழித்து வருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருகே சோமர்ட்டன் கடற்கரையில் 1948 டிசம்பர் 1 அன்று கிடந்த மனிதரை யாருக்கும் தெரியவில்லை. புதைக்கும் முன் போலீசார் அவர் முகத்தைச் சாந்தில் வார்க்கச் செய்தார்கள். வார்த்தபோது சில தலைமுடிகள் சாந்தில் ஒட்டிக்கொண்டன. 1978இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஏபிசி, அந்தச் சிலையை வார்த்தவரைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தது. அந்த நிகழ்ச்சி அழியாமல் இருக்கிறது. 2022இல் பேராசிரியர் டெரெக் ஆபட்டும் அவருடைய கூட்டாளியும் அந்த முடியின் மரபணுவை வைத்து, அவர் மெல்போர்னைச் சேர்ந்த கார்ல் வெப் என்று அறிவித்தார்கள். முகத்துக்காக வார்த்தது முடிக்காக உதவியது. எது எதற்கு உதவும் என்று காப்பாற்றும்போது தெரிவதில்லை.

இறந்தவரின் பெயரைக் காப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கிய அந்தக் குன்றில் ஒரு பாறையில், சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. சுமார் ஆறாம் நூற்றாண்டு எழுத்து. பெயர், நாள் கணக்கு, இறந்த விதம் மூன்றும் ஒரே இடத்தில். மேல்சித்தாமூர் சமண மடத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஓலை பாறை இல்லை, அரித்துப்போகும். செல்லரிக்கும் முன் புது ஓலையில் பிரதி எழுதிய கைகளால்தான் தமிழ் ஏடுகள் நம்மிடம் வந்து சேர்ந்தன. நாடாவுக்கும் அந்தக் கை வேண்டும்.

அரசுத் தொலைக்காட்சியின் காப்பகம் தன் நாடாக்களை ஊர் ஊராக, ஆண்டு ஆண்டாகப் பட்டியல் போட்டு வெளியிட வேண்டும். வீடுகளுக்கும் பங்கு உண்டு. பரணில் கிடக்கும் விஎச்எஸ் கேசட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் ஒருமுறை பார்க்கலாம். பூஞ்சை இருந்தால் பிளேயரில் நுழைக்கக் கூடாது; நாடா கிழியும், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினிக்கு மாற்ற வேண்டும். ‘அக்கா கல்யாணம்’ என்று எழுதிய கேசட்டில் தாலி கட்டுக்குப் பிறகு மிஞ்சிய நாடாவில் ஒரு செவ்வாய்க்கிழமை நாடகமோ, அதற்கு நடுவே ஒரு காணவில்லை அறிவிப்போ பதிந்திருக்கலாம்.

கேசட்டின் முதுகில் ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. அந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டி மறுபடி பதிந்த கேசட்டுகள்தான் அதிகம். துண்டு உடைந்து, ஓட்டை அப்படியே திறந்திருக்கும் கேசட்டை முதலில் எடுக்கலாம்.